மூச்சு ஹைட்ரஜன் மெஷின்: குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு வாங்கலாமா?

முழுவதும் படிக்க நேரமில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் குடல் நோயை ஒரு நாள் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் என்று சொல்லிக்கொண்டு யாராவது மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளக்கும் இந்த மெஷினை உங்கள் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால், அந்த ஒரு காரணத்துக்காக வாங்காதீர்கள். வேறு உபயோகம் உண்டு, அதற்கு வேண்டுமானால் யோசிக்கலாம், பின்னால் வருகிறேன்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் (என்.ஐ.சி.யூ.) நர்ஸ் இன்சார்ஜ். டீலரின் ரெப் ஒரு டெமோ பீஸை எங்களிடம் விட்டுப் போனார், கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள் சிஸ்டர் என்று. டாக்டர் பெற்றோரிடம் விளக்கி எழுதி வாங்கிக்கொண்டு சில குழந்தைகளுக்குப் பார்க்கச் சொன்னார். பார்த்ததென்னவோ நாங்கள்தான், டாக்டர்கள் ரீடிங்கைக் கேட்டதோடு சரி. எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. நான் சொல்லும் குறைகளில் முக்கால்வாசி இந்த வகை கையடக்க மெஷின் எல்லாவற்றுக்கும் பொது, ஒரு கம்பெனியை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது.

நோயைப் பற்றி முதலில். நெக்ரோடைசிங் என்டிரோகொலைட்டிஸ், வார்டில் எல்லாரும் நெக் என்போம். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் குடல் சுவர் அழற்சி கண்டு, பாடு மோசமானால் அழுகி, ஓட்டை விழும் அளவுக்குப் போகும் நோய். மேலை நாட்டுக் கணக்குப்படி 1,500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 7 பேருக்கு வருகிறது, வந்தவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் பிழைப்பதில்லை, ஆபரேஷன் வரை போனவர்களில் அது இன்னும் அதிகம். கொடுமை என்னவென்றால் இது பெரும்பாலும் முதல் நாளில் வருவதில்லை. குழந்தை வென்டிலேட்டரிலிருந்து இறங்கி, பால் குடிக்க ஆரம்பித்து, எடை கூடி, அம்மா முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வரும். காலையில் நன்றாக இருந்த குழந்தை ராத்திரிக்குள் வயிறு பளபளவென்று உப்பி, வாய் வழியாக வயிற்றுக்குப் போட்டிருக்கும் ஓஜி ட்யூபில் பச்சையாக வந்து, மூச்சை அடிக்கடி நிறுத்திக்கொள்ளும். இதைப் பார்த்திருக்கும் எந்த நர்ஸும், முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்பார். ரெப்புக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்போது நம்மிடம் இருப்பதெல்லாம் என்ன? வயிற்றுச் சுற்றளவு பார்க்கும் டேப், ட்யூபில் மிச்சம் வரும் பாலின் நிறம், மலத்தில் ரத்தம், அப்புறம் எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள்ளேயே குமிழ் குமிழாகக் காற்று தெரிந்தால் நெக் என்று உறுதியாகச் சொல்லலாம். பெல் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1978ல் வகுத்த மூன்று நிலைகளைத்தான் கொஞ்சம் திருத்தி இன்றும் வைத்துக்கொண்டிருக்கிறோம், அதில் முதல் நிலை என்பது சந்தேகம் மட்டும்தான். சந்தேகம் வந்தாலே பாலை நிறுத்தி, ஆன்டிபயாடிக் போட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருப்போம். பாதி நேரம் ஒன்றும் இருக்காது.

மெஷின் நிற்கும் அறிவியல் உண்மையிலேயே அழகானது, அதைக் குறை சொல்லமாட்டேன். மனித உடம்பின் எந்த செல்லும் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. மூச்சில் ஹைட்ரஜன் வருகிறதென்றால் அது குடலில் உள்ள பாக்டீரியாவின் வேலை. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் சிறுகுடலில் உடைக்க வேண்டிய லாக்டேஸ் என்ற நொதி கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் முழு அளவுக்கு வருகிறது. 28, 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அது நிறைமாதக் குழந்தைக்கு இருப்பதில் ஒரு பகுதிதான் இருக்கும். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகும், அங்கே இருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்கவைக்கும், ஹைட்ரஜன் வரும், அதில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியே போகும். நெக்கில் குடல் சுவருக்குள் சிக்கும் அந்தக் குமிழ்களிலும் ஹைட்ரஜன் கணிசமாக இருப்பதைப் பிரித்தெடுத்துப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். ஆக, குடலுக்குள் நடப்பதை மூக்குக்கு வெளியே நின்றுகொண்டு தெரிந்துகொள்ளலாம். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, கதிர் இல்லை. 900 கிராம் குழந்தையிடமிருந்து ஒரு மில்லி ரத்தம் எடுக்கவே யோசிக்கும் எங்களுக்கு இது பெரிய விஷயம்.

ரெப் கொண்டுவந்த நோட்டீஸில் 1989ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வின் வரிகள் இருந்தன. ஆய்வு நிஜமானதுதான். நூற்றுச் சொச்சம் குழந்தைகளின் மூச்சில் ஹைட்ரஜனைத் தொடர்ந்து அளந்து, அதைக் கார்பன் டை ஆக்சைடால் வகுத்துப் பார்த்ததில், நெக் வந்த குழந்தைகளில் 86 சதவீதத்தை அது பிடித்தது, வராதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிட்டது, அதுவும் வெளியே அறிகுறி தெரிவதற்கு 8 முதல் 28 மணி நேரம் முன்னால். படித்ததும் எனக்கும் புல்லரித்தது. 28 மணி நேரம் என்றால் மூன்று ஷிஃப்டுக்கு மேல்.

ஆனால் அந்த எண்களை வார்டில் போட்டுப் பாருங்கள். நூறு குழந்தைகள், அதில் ஆறு பேருக்கு நெக் வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். 86 சதவீதம் என்றால் ஆறில் ஐந்து பேரைப் பிடித்துவிடும், நல்லது. மீதி 94 பேரில் பத்து சதவீதம், அதாவது ஒன்பது பத்து பேருக்கு ஒன்றுமில்லாமலே மணி அடிக்கும். மொத்தம் பதினைந்து மணி, அதில் ஐந்துதான் நிஜம். மூன்றில் இரண்டு தடவை ஒன்றுமில்லாத குழந்தைக்குப் பாலை நிறுத்துவோம். பாலை நிறுத்துவது சாதாரண விஷயமில்லை, ரத்தக்குழாய் வழியாகச் சத்து ஏற்றவேண்டும், அதற்கு லைன் போடவேண்டும், லைன் வழியாகக் கிருமி போகும், பால் போகாத குடலின் உட்சுவர் மெலியும். ரெப்பிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். “சிஸ்டர், நெகடிவ் வந்தா 99 பர்சென்ட் நிம்மதியா இருக்கலாமே” என்றார். தம்பி, மெஷினே இல்லாவிட்டாலும் நூற்றுக்கு 94 பேருக்கு நெக் வரப்போவதில்லை, அந்த 94ஐ 99 ஆக்கத்தான் இத்தனை செலவா என்றேன். நல்ல பையன், சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் பேப்பரில் போடும் கணக்கு. கையில் எடுத்தால் வேறு கதை.

இந்த மெஷின் பெரியவர்களுக்காகச் செய்யப்பட்டது. பெரியவர் மூச்சை இழுத்து, பத்துப் பதினைந்து நொடி அடக்கி, மெதுவாக ஊதவேண்டும். அப்படி அடக்கி ஊதும் மூச்சின் கடைசிப் பகுதியில்தான் நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்று இருக்கும், அதைத்தான் சென்சார் பார்க்கவேண்டும். சின்னக் குழந்தைகளுக்கென்று ஒரு மாஸ்க்கும் வால்வும் தனியாகக் கொடுக்கிறார்கள். ஒரு கிலோ குழந்தையின் ஒரு மூச்சு எவ்வளவு தெரியுமா? ஐந்து, ஆறு மில்லி. நிமிடத்துக்கு நாற்பதிலிருந்து அறுபது தடவை. மாஸ்க்குக்குள் இருக்கும் காலி இடமே அந்த மூச்சைவிட அதிகம். அப்புறம் சென்சார் எதை அளக்கும்? வார்டு காற்றை அளக்கும். அதில் குழந்தையின் மூச்சு கொஞ்சம் கலந்திருக்கும், அவ்வளவுதான்.

1989 ஆய்வில் கார்பன் டை ஆக்சைடால் வகுத்தது ஏன் என்பது இங்கேதான் புரிந்தது. மாதிரியில் பாதி அறைக் காற்று கலந்துவிட்டால் ஹைட்ரஜனும் பாதியாகும், கார்பன் டை ஆக்சைடும் பாதியாகும், இரண்டையும் வகுத்தால் கலப்படம் அடிபட்டுப்போய் விகிதம் அப்படியே நிற்கும். குழந்தையை ஊதச் சொல்ல முடியாத இடத்தில் இந்தத் திருத்தம் இல்லாத எண்ணுக்கு மதிப்பே இல்லை. குயின்ட்ரான் போன்ற மேசை மெஷின்களில் ஹைட்ரஜன், மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு மூன்றையும் பார்த்துத் திருத்திக் கொடுப்பார்கள், மாதிரியைப் பையிலோ சிரிஞ்சிலோ பிடித்துக்கொண்டு போனால் போதும். எங்களுக்குக் கொடுத்த கையடக்க மெஷினில் கார்பன் டை ஆக்சைடு சென்சாரே கிடையாது. ஹைட்ரஜன் பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு, என்று ஒரே ஒரு எண் வரும். அந்த ஆய்வை நோட்டீஸில் போட்டுவிட்டு, அந்த ஆய்வின் உயிரான அளவை எடுக்க முடியாத மெஷினைக் கையில் கொடுப்பது என்ன நியாயம்? என் பெரிய புகார் இதுதான், மற்றதெல்லாம் இதற்குக் கீழே.

ஒரே குழந்தைக்கு, ஒரே பால், ஒரே நேரம், மாஸ்க்கைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் 30க்கு மேல் வருகிறது, ஓரம் லேசாகத் தூக்கியிருந்தால் பத்துக்கும் கீழே போகிறது. அழும் குழந்தைக்கு ஒரு எண், தூங்கும் குழந்தைக்கு ஒரு எண். மாஸ்க்கை அழுத்திப் பிடிப்பது என்று சுலபமாக எழுதிவிட்டேன், 30 வாரக் குழந்தையின் முகத்தோல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், கையை எடுத்தபின் அச்சு மாதிரி சிவந்து நிற்கும்.

சிபாப்பில், அதாவது மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவியில், இருக்கும் குழந்தை என்றால் சுத்தம். நெக் வர அதிக வாய்ப்புள்ள சின்னக் குழந்தைகள்தான் சிபாப்பில் இருப்பார்கள். மூக்கில் நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது மூச்சில் என்ன ஹைட்ரஜனைத் தேடுவது? மாதிரி எடுப்பதற்காக சிபாப்பைக் கழற்றினால் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, இறங்கும். மெல்லிய ட்யூபை மூக்கு வழியாகத் தொண்டைக்கு மேல்வரை விட்டு, குழந்தை மூச்சை வெளியே விடும் நேரம் பார்த்துச் சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும் முறை ஒன்று இருக்கிறது. ட்யூப் போனதும் குழந்தை தும்மும், சில குழந்தைகளுக்கு இதயத்துடிப்பு இறங்கும். அப்படியே இருபது மில்லி சேர்த்தாலும், ஒரு முழு மூச்சு ஊதுவதை எதிர்பார்த்துச் செய்த மெஷினுக்கு அந்த இருபது மில்லி எந்த மூலைக்கு?

அப்புறம் ஹேண்ட் ரப், கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம். இதை யாரும் நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. இந்த மெஷின்களில் இருப்பது மின்வேதியியல் சென்சார், அதற்கு ஆல்கஹால் ஆவியும் ஹைட்ரஜனும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். எங்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பாட்டில் தொங்குகிறது, குழந்தையைத் தொடும் முன்னும் பின்னும் தேய்த்தே ஆகவேண்டும். ஒரு சிஸ்டர் கை தேய்த்துக்கொண்டு வந்து மெஷினை எடுத்தார், மாஸ்க் இன்னும் குழந்தைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை, எண் ஒன்று இரண்டாக ஏறிக்கொண்டே இருந்தது. கை முழுதாகக் காய்ந்து, இரண்டு நிமிடம் ஜன்னல் பக்கம் காட்டியபின்தான் பூஜ்ஜியத்துக்கு வந்தது. கை தேய்க்காமல் எடு என்றும் சொல்ல முடியாது. மெஷினின் உடம்பைத் துடைப்பதற்கும் ஆல்கஹால் இல்லாத துடைப்பான்தான் வேண்டும் என்று கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கிறது, தேடிப்பிடித்துப் படித்தோம்.

சரி, இத்தனையும் தாண்டி ஒழுங்காக ஒரு எண் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அது என்ன சொல்கிறது? வார்டிலேயே ஆரோக்கியமாக, நன்றாகப் பால் குடித்து, தினமும் எடை கூடிக்கொண்டிருந்த குழந்தைக்குத்தான் எங்களிடம் எப்போதும் அதிகமாக வந்தது. இது புதிதும் இல்லை, 1980 வாக்கிலேயே குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முதல் சில வாரங்களில் மூச்சில் ஹைட்ரஜன் அதிகமாக இருக்கும், ஆனாலும் அவர்கள் நன்றாகவே வளர்கிறார்கள் என்று எழுதிவிட்டார்கள். லாக்டேஸ் குறைவு, பாக்டீரியா இருக்கிறது, பால் போகிறது, ஹைட்ரஜன் வருகிறது. பாக்டீரியா புளிக்கவைத்துக் கொடுக்கும் அமிலங்களைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்வதால் குழந்தைக்கு அந்தச் சர்க்கரையின் சக்தி முழுக்க வீணாவதுமில்லை. ஹைட்ரஜன் என்பது கூரைக்கு மேல் தெரியும் புகை மாதிரி, உள்ளே சோறு வேகிறதா வீடு பற்றிக்கொண்டதா என்று புகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். சந்தேகம் வந்த குழந்தைக்கு முதலில் என்ன செய்வோம்? பாலை நிறுத்துவோம், ஆன்டிபயாடிக் போடுவோம். பால் இல்லையென்றால் புளிக்கச் சர்க்கரை இல்லை, ஆன்டிபயாடிக் போட்டால் ஹைட்ரஜன் உண்டாக்கும் பாக்டீரியா அடங்கிவிடும். எண் தானாகப் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். வயிறு உப்பிக்கொண்டிருக்கும், மெஷின் மட்டும் எல்லாம் நலம் என்னும். அதேபோல் பிறந்ததும் கிருமித்தொற்று பயத்தில் ஆன்டிபயாடிக் ஆரம்பித்த குழந்தைகளுக்கு, அதாவது எங்கள் வார்டில் முக்கால்வாசிப் பேருக்கு, முதல் வாரம் எண்ணே ஏறாது. எந்தக் குழந்தையைப் பற்றி நமக்குப் பயமோ அந்தக் குழந்தையிடம் போய் இந்த மெஷின் ஊமையாகிவிடுகிறது. இதற்காகத்தான், 1989ல் அவ்வளவு நல்ல எண்கள் வந்தும் நெக் கண்டுபிடிக்கும் வழக்கமான சோதனையாக இது எங்கும் நிலைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வேலைப்பளுவையும் எழுதவேண்டும். ஒரு எண்ணால் பயனில்லை, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க ஷிஃப்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது எடுக்கவேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஃபீட், ஒவ்வொரு சிஸ்டருக்கும் மூன்று நான்கு குழந்தைகள், ஒருத்தர் பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டிருப்பார், ஒருத்தர் ட்யூப் ஃபீட் பிடித்துக்கொண்டு நிற்பார். இதற்கு நடுவில் மாஸ்க் பிடிக்க இரண்டு கை, எண் பார்க்க ஒரு ஆள். இளஞ்சிஸ்டர்கள் முதலில் ஆர்வமாக எடுத்தார்கள், பிறகு மெஷின் மேசை மேலேயே இருந்தது.

செலவில் மெஷின் விலை ஒரு பகுதிதான். மாஸ்க்கும் வால்வும் குழந்தைக்குக் குழந்தை புதிது. அளவு தெரிந்த ஹைட்ரஜன் கலந்த சிலிண்டர் வைத்து எண் சரியாக வருகிறதா என்று அவ்வப்போது கேலிப்ரேஷன் செய்யவேண்டும், அந்த சிலிண்டர் தனிக் காசு. சென்சாருக்கு ஆயுள் சில வருடங்கள்தான், உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் வயதாகும். டீலரிடம் இதையெல்லாம் கேட்டால் மெஷின் விலையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், மாஸ்க் விலையை எழுத்தில் வாங்க நாலு போன் போடவேண்டியிருந்தது. டெமோ பீஸுக்கு கடைசியாக எப்போது கேலிப்ரேஷன் ஆனது என்ற ஸ்டிக்கரே இல்லை. கேட்டதும் அடுத்த நாள் ஓடிவந்து சிலிண்டர் வைத்துச் சரிபார்த்துக் கொடுத்தார் ரெப், அதற்கு அவரைப் பாராட்டவேண்டும், ஆனால் அதற்கு முன்னால் எடுத்த எண்களை எல்லாம் டாக்டர் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார்.

இப்போது நல்லதைச் சொல்கிறேன். ஊதத் தெரிந்த வயதுக் குழந்தைகளுக்கு, பெரியவர்களுக்கு இந்த மெஷின் நன்றாகவே உழைக்கும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது, பேதியாகிறது என்று வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு, எடைக்குக் கிலோவுக்கு ஒரு கிராம், அதிகபட்சம் 25 கிராம் லாக்டோஸ் கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை ஊதச் சொல்லி மூன்று மணி நேரம் பார்ப்பார்கள். ஆரம்ப அளவைவிட 20 பி.பி.எம். ஏறினால் லாக்டோஸ் சரியாகச் செரிக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் கேஸ்ட்ரோ (வயிறு, குடல் நோய்) ஓ.பி.யில் இதே மெஷினில் அழகாக வந்தது, ஊதும் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. முந்தின நாள் பருப்பு, பயறு, வெங்காயம் எல்லாம் ஒதுக்கி, வெள்ளைச் சாதத்தோடு இலகுவாகச் சாப்பிட்டு, இரவு முழுக்க வெறும் வயிற்றோடு வந்தால் ஆரம்ப அளவு ஒழுங்காக இருக்கும். நெக்குக்காக ஆபரேஷன் ஆகி குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த குழந்தைகள் வளர்ந்தபின், மிச்சக் குடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறதா என்று பார்க்கவும் மூச்சுச் சோதனை கைகொடுக்கும். அப்போதும் குழந்தையால் ஊத முடியாவிட்டால் கார்பன் டை ஆக்சைடு திருத்தம் உள்ள மெஷினிலேயே பாருங்கள்.

இதைப் படிக்கும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் குழந்தை என்.ஐ.சி.யூ.வில் இருக்கிறது, இணையத்தில் இந்தச் சோதனையைப் பற்றிப் படித்துவிட்டு ஏன் செய்யவில்லை என்று டாக்டரிடம் கேட்கத் தோன்றினால், கேளுங்கள், தப்பில்லை, ஆனால் செய்யாததால் எதையும் இழந்துவிடவில்லை. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது வயிறு திடீரென்று உப்பினாலோ, வாந்தி பச்சையாக வந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, நேற்றுவரை கைகால் ஆட்டிய பிள்ளை துவண்டு கிடந்தாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்கவேண்டாம். வீட்டுக்குப் போன, நன்றாக எடை கூடும் குழந்தை காஸ் விடுகிறது என்பதற்காக லாக்டோஸ் செரியாமை டெஸ்ட் என்று எங்காவது சொன்னால் மட்டும் ரெண்டாவது கருத்து கேளுங்கள்.

எங்கள் மேனேஜ்மென்ட் இந்த மெஷினுக்கு ஒதுக்கியிருந்த பணத்தை என்ன செய்வது என்று கேட்டபோது டாக்டரும் நானும் ஒரே பதிலைச் சொன்னோம். மருத்துவமனைத் தரத்தில் ஒரு எலக்ட்ரிக் பால் பம்பு, பீச்சிய பாலைப் பெயர் ஒட்டி வைக்க ஒரு நல்ல ஃப்ரீசர். 1990ல் இங்கிலாந்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்த ஆய்வில், பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்கு நெக் வந்தது, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகம். வேடிக்கை பாருங்கள், அமெரிக்காவில் அந்த ஹைட்ரஜன் ஆய்வு வெளியான அதே 1989ல்தான் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியை ஆரம்பித்தார், ஆசியாவிலேயே முதல். தானமாக வரும் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் குளிரவைத்து உறையவைக்கும், அவ்வளவு எளிமையான ஏற்பாடு. இன்று எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உட்படத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் நடக்கின்றன. நெக்கை முன்கூட்டியே கண்டுபிடிப்பதைவிட வராமல் தடுக்கும் விஷயத்தில்தான் இந்த முப்பத்தைந்து வருடத்தில் நாம் உண்மையில் முன்னேறியிருக்கிறோம், காசும் அங்கேதான் போகவேண்டும்.

மார்க் போடச் சொன்னால்: பெரிய பிள்ளைகளின் லாக்டோஸ் சோதனைக்கு 5க்கு 4. ரெப்பின் சுறுசுறுப்புக்கு 4, டீலர் ஆபீஸின் விலைப்பட்டியலுக்கு 1. குறைமாதக் குழந்தைகளின் நெக்குக்கு ஒரு மார்க்கூடப் போட மனசில்லை. கார்பன் டை ஆக்சைடு திருத்தத்தோடு, இருபது மில்லிக்குள் வேலை செய்யும் மாடல் வந்தால் கொண்டுவா தம்பி, இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சொல்லித்தான் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தோம். நீங்களும் டெமோவுக்கு வாங்கினால் முதல் நாளே கேலிப்ரேஷன் தேதியையும், மாஸ்க் ஒன்றின் விலையையும் எழுத்தில் கேளுங்கள். அது கையில் வரும்வரை எந்த எண்ணையும் கேஸ் ஷீட்டில் ஏற்றாதீர்கள்.